கடப்பாரையும் பின்னிணைப்பும்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்ட நாடு இது. ஆயினும் வேட்டைக்காரர் உடைகளுக்குக் கடைகளில் பஞ்சமில்லை. பெங்களூரு ஜீவனஹள்ளியிலிருந்து வார இறுதியில் காவிரிக் கரைக்குப் புறப்படும் இளைஞர், காலணி முதல் தலைவிளக்கு வரை ஒரு பட்டியலைப் பார்த்தே வாங்குகிறார். எவற்றை வாங்கவேண்டும் என்பதைப் பட்டியல் சொல்கிறது. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எதை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம் என்பதைச் சொல்வதில்லை. அவரைக் குறைகூற ஒன்றுமில்லை. பழங்குடியினரின் கருவிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவோரும் அதே வகைப் பட்டியலைத்தான் தயாரிக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது.

செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களை எடுத்துக்கொள்ளலாம். பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தபின், 1978இல் வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசின் அனுமதியோடு பிடித்து, மண்பானைகளில் வைத்து, நஞ்செடுத்தபின் மீண்டும் விட்டுவிடுகிறார்கள். தோலுக்காகப் பிடித்த காலத்தில் பாம்பு பிழைக்கவேண்டிய தேவை இல்லை. நஞ்சுக்காகப் பிடிக்கும்போதோ, அது காயமின்றித் திரும்பிச் செல்லவேண்டும். இறுகப் பற்றும் இடுக்கி பாம்பின் விலா எலும்பை நொறுக்கக்கூடும். ஆகவே கையில் இருப்பவை சிறு கடப்பாரை, துணிப்பை, சில வேளை ஒரு கோல். கடப்பாரை வளையைத் தோண்டும், முள்ளை விலக்கும். எங்கே தோண்டுவது என்பதை வளைவாயின் வழவழப்பும், தடமும், எச்சமும், உரித்துப்போட்ட சட்டையும் முன்னரே சொல்லியிருக்கும்.

இந்த எளிமையை வறுமையின் அடையாளமாகக் காண்போர் 2017ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அழைக்கப்பட்டனர். முதல் எட்டு நாள்களில் பதின்மூன்று பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் 16 அடி நீளப் பெண்பாம்பு ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாடுகளுக்குள் பதுங்கியிருந்தது. சதுப்புநிலம் அவர்களுக்குப் புதிது, பாம்பினமும் புதிது. புதரை விலக்கக் கையில் இரும்புக் கம்பி இருந்தது, அவ்வளவே. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஊர்க்காரர் பலர் அவர்களுடைய பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பர்!

எனினும், பழைய கருவி என்பதாலேயே அது சிறந்தது என்று முடிவுகட்டுவது இன்னொரு சோம்பல். எலி பிடிக்க இருளர் பயன்படுத்திய புகைப்பானையே சான்று. அடியில் துளையிட்ட பானைக்குள் வைக்கோலைப் புகையவிட்டு, பானைவாயை வளையில் பொருத்தி, துளைவழியே வாயால் ஊதுவர். கை வெந்தது, புகை நுரையீரலுக்குள் போயிற்று. 2003இல் உலக வங்கியின் நிதியுதவி பெற்ற ஒரு திட்டத்தின் வழியாகக் கையால் சுழற்றும் புகையூதி வந்தபோது, எலி பிடிப்போர் அதை ஏற்றுக்கொண்டனர். வளையில் புகையேற்றும் முறை மாறவில்லை. ஊதும் வாய்க்கு மட்டும் விடுதலை கிடைத்தது. பானையின் மறைவுக்கு இரங்கற்பா எழுதக்கூடியவர்கள் அதை ஒருநாளும் ஊதியிராதவர்களே.

கடப்பாரை தங்கியதற்கும் பானை விலகியதற்கும் காரணங்கள் உள்ளன. அக்காரணங்கள் நம் ஆய்வேடுகளில் எங்கே? களஆய்வாளர் கருவியைக் காட்டி "இதன் பெயர் என்ன?" என்று கேட்கிறார், விடை ஒரு பெயர்ச்சொல்லாகப் பதிவாகி, ஒளிப்படத்தோடு பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. அகராதியிலும் "ஒருவகை வலை", "ஒருவகைப் பொறி" என்பதற்கு மேல் நகராத பதிவுகள் எத்தனை! தேர்வின் அறிவு பெயர்ச்சொல்லில் தங்குவதில்லை. "மண் ஈரமாக இருந்தால்", "வளைக்கு இரண்டு வாய் இருந்தால்" என்னும் நிபந்தனை எச்சங்களில்தான் அது வாழ்கிறது. மொழியியல் மாணவருக்கு -ஆல் ஈற்று எச்சத்தின் இலக்கணம் தெரியும். அதைக் கேட்டுப் பெறும் வினா மட்டும் வினாநிரலில் இல்லை.

செங்கல்பட்டின் வயல்கள் மனைகளாகிவருகின்றன. வரப்பில் நடந்து கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த களப்பணிக்குச் செல்பவர், பெயரைக் கேட்டபின் இன்னொன்றையும் கேட்கலாம்: "இதை எப்போது எடுத்துப் போகமாட்டீர்கள்?"