மின்னஞ்சலும் தூண்டிலும்

வேண்டாத மடல்கள் மின்னஞ்சற் பெட்டியில் வந்து குவிதல் புதிய தொல்லையன்று. 1978-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனமொன்றன் விற்பனையாளர், ஆர்ப்பாநெட் வலையிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை விடுத்தனர். இன்றோ, மடலிலுள்ள சொற்களையும் விடுத்தோர் முகவரியையும் ஆராய்ந்து விலக்கும் வடிகட்டிகள் பல உள. அவை நம் கடிதத்தைப் படித்தல் முறையோ என வினவுவாருமுளர். காவலுக்காகப் படித்தலை யாம் ஒப்புவோம். வாணிகத்துக்காகப் படித்தலை ஒப்போம். கூகிள் நிறுவனமும் விளம்பரத்தின்பொருட்டு ஜிமெயில் கடிதங்களைத் துருவும் வழக்கத்தைக் கைவிடுவதாக 2017-இல் அறிவித்தது.

ஆயின், கூட்டமாய் வரும் மடலைத் தடுக்கும் வடிகட்டி, ஒருவரையே குறித்து, அவர் பெயர் சொல்லி, அச்சுறுத்தி வரும் மடலை எளிதில் அறியமாட்டாது. பிஷிங் எனப்படும் தூண்டிலின் ஒரு வகை இது.

2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஹிலாரி கிளிண்டன் அம்மையாரின் தேர்தற் பணிக்குத் தலைவராயிருந்த ஜான் பொடெஸ்டாவுக்கு, ‘நும் கடவுச்சொல்லைப் பிறனொருவன் அறிந்துகொண்டான்; உடனே மாற்றுக’ எனக் கூகிளின் பெயரால் ஒரு மடல் வந்தது. அவர் அலுவலகத்தார் கண்மூடி நம்பினாரல்லர். கணிப்பொறி உதவியாளர் ஒருவரை வினவினர். அவர் ‘இது மெய்ம்மடல்’ என விடை விடுத்தார். ‘பொய்ம்மடல்’ என்றெழுதக் கருதியே அங்ஙனம் பிழைத்ததாகப் பின்னர்க் கூறினார். ஆங்கிலத்தில் எதிர்மறை உணர்த்தும் ஈரெழுத்து விடுபட்டமையால் வந்த கேடு அது. இலக்கணத்தை இகழும் நண்பர்கள் நோக்குவார்களாக! அவ்விடையிலேயே கூகிளின் உண்மை முகவரியும் இருந்தது. எனினும் முதன்மடலிலிருந்த இணைப்பே திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அவருடைய கடிதங்கள் பல்லாயிரம் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளிப்பட்டன.

ஆதலின், ‘மடல் மெய்யோ பொய்யோ எனத் தெளிக’ என்னும் வழக்கமான அறிவுரை போதாதென்பது எம் கருத்து. தொழிலறிந்தோர் விடையே தவறுமாயின், விடுதி அறையில் ‘உதவித்தொகை வந்துளது’ என்னும் மடலைக் காணும் மாணவன் என் செய்வான்? அவன் ஆராயவே வேண்டா. மெய்ம்மடலேயாயினும் அது காட்டும் இணைப்பிற் புகாது, வங்கியின் முகவரியைத் தானே தட்டெழுதிச் செல்வானாக. கடவுச்சொல்லோடு இரண்டாவது அடையாளமும் கேட்கும் காப்பினையும் அமைத்துக்கொள்வானாக. அவ்வெண்ணை எவர் கேட்பினும் ஈயற்க.

பொருளிழந்தோர் நம் நாட்டில் 1930 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். உடனே அழைப்பின் பணம் கைம்மாறுமுன் தடுக்க வழியுண்டு. நாணத்தால் இரண்டு நாள் மறைத்தாரை அவ்வெண்ணும் காத்தல் அரிது.