விக்கெட்டுக்கு 1.39 கோடி... அஸ்வின் மேல் புதுக்கோட்டைக்கு ஏன் அத்தனை கோபம்?

புதுக்கோட்டையிலிருந்து சேப்பாக்கம் மைதானம் சுமார் 400 கிலோமீட்டர். ஆன்லைனில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், முன்னால் லட்சக்கணக்கில் ஆள் நிற்பதாகத் திரை காட்டும். அதனால் இந்த மாவட்டத்துக்கு கேலரி என்பது வேறு. கீரனூரில் செல்போன் கடை வாசல், அறந்தாங்கியில் டீக்கடை பெஞ்ச், ஆலங்குடிப் பக்கம் டென்னிஸ் பால் மேட்ச் முடிந்து கண்மாய்க் கரையில் ஒரே போனைச் சுற்றி உட்காரும் ஏழெட்டுப் பேர். டேட்டா யாருடையது என்பதில் தகராறு வரும். சி.எஸ்.கே யாருடையது என்பதில் வராது.

2025 ஏப்ரலில் அந்த கேலரி முழுக்க ஒரே பெயரைத் திட்டிக்கொண்டிருந்தது. ரவிச்சந்திரன் அஸ்வின்.

திட்டியவர்கள் யாரும் வெளியாட்கள் அல்ல. 2011 இறுதிப் போட்டியில் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை அஸ்வின் டக் அவுட்டாக்கி அனுப்பியபோது தெருவில் பட்டாசு வெடித்த அதே ஆட்கள். சி.எஸ்.கே இரண்டு வருடத் தடைக்குப் பிறகு 2018-ல் திரும்பி வந்தபோது, அஸ்வினை ஏலத்தில் பஞ்சாப் தூக்கிக்கொண்டு போனதும் ‘நம்ம பையனை விட்டுட்டாங்களே’ என்று புலம்பியவர்களும் இவர்களே. பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று அவர் ஒவ்வொரு ஜெர்சியாக மாற்றி வந்தபோதெல்லாம் ‘மஞ்சள்தான் அவருக்கு எடுப்பு’ என்ற வசனம் ஓயவில்லை.

அந்த ஆசை 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் நிறைவேறியது. அடிப்படை விலை 2 கோடி. ராஜஸ்தான் விடாமல் போட்டி போட, விலை ஏறி ஏறி 9.75 கோடியில் சென்னைக்கு முடிந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் முடிந்த கையோடு சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். 106 டெஸ்ட், 537 விக்கெட். ‘இனி முழுசா நமக்குத்தான்’ என்றது டீக்கடை.

வந்தார். 9 ஆட்டம். 7 விக்கெட். ஓவருக்கு 9 ரன்னுக்கு மேல் கொடுத்தார்.

இங்கேதான் கால்குலேட்டர் வெளியே வந்தது. 9.75 கோடியை 7-ஆல் வகுத்தால் ஒரு விக்கெட்டுக்கு 1.39 கோடி. இந்தக் கணக்கு ஒருநாள் இரவில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆனால் போதும், மறுநாள் காலை வடை வாங்க வருகிறவர்கூட அதைச் சொல்வார். ஆனால் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்த 9.75 கோடியை அஸ்வின் கேட்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்தது 2 கோடி. மீதி 7.75 கோடி, அணிகள் மாறி மாறிக் கை தூக்கியதில் ஏறியது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விலை எவ்வளவு ஏறினாலும் மாட்டுக்கு அதில் பேச்சு கிடையாது. கோபம் மட்டும் மாட்டின் மேல் போகும்.

அதற்காகக் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த சீசனைப் பின்னோக்கிப் பார்த்தால் எரிச்சல் எங்கே ஏறியது என்று தேதி போட்டே காட்டலாம்.

மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூரு 2008-க்குப் பிறகு முதல்முறையாக அங்கே ஜெயித்தது, அதுவும் 50 ரன் வித்தியாசத்தில். அஸ்வின் 2 ஓவரில் 22 ரன் கொடுத்து 1 விக்கெட் எடுத்தார். ஆனால் அன்று ரசிகர்களைக் கொதிக்க வைத்தது அவர் பந்துவீச்சு அல்ல. பேட்டிங்கில் தோனிக்கு முன்னால் அஸ்வின் இறங்கினார். தோனி 9-வது ஆளாக வந்தார். ரன் குவிய வேண்டிய நேரத்தில் ‘தல’ உட்கார்ந்திருக்க, அஸ்வின் மட்டையோடு நடந்து வருவதைப் பார்த்த கண்கள் அவரை மன்னிக்கவே இல்லை. வரிசையைத் தீர்மானித்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். திட்டு வாங்கியவர் களத்தில் இருந்தார்.

இரண்டே நாளில் கவுகாத்தி. நிதிஷ் ராணா 36 பந்தில் 81 அடித்தார். கடைசியில் அவரை ஸ்டம்பிங்கில் வெளியேற்றியது அஸ்வின் பந்துதான், ஆனால் அதற்குள் சேதம் முடிந்திருந்தது. ஏப்ரல் 8 அன்று முல்லன்பூரில் பிரியான்ஷ் ஆர்யா 39 பந்தில் சதம். ஏப்ரல் 11 அன்று மறுபடி சேப்பாக்கம். ருதுராஜ் காயத்தால் விலக, தோனி மறுபடி கேப்டன். சென்னை 103 ரன் மட்டுமே எடுத்தது. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டுக் கிளம்பியது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. இரவு 11 மணி வரை விழித்திருந்து பார்க்கப் பழகியவர்கள் அன்று பத்தரைக்கே போனை அணைத்தார்கள்.

இதற்கு நடுவே யூடியூப் விவகாரம். அஸ்வினுடைய சேனலில் ஒரு விருந்தினர், ஜடேஜாவும் அஸ்வினும் இருக்கும்போது நூர் அகமது எதற்கு என்கிற மாதிரி பேசிவிட்டார். நூர் அந்த சீசனில் 24 விக்கெட் எடுத்தவர். சென்னைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் என்றுகூடச் சொல்லலாம். எதிர்ப்பு கிளம்பியதும், இனி சி.எஸ்.கே ஆட்டங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று சேனல் அறிவித்தது. சொன்னவர் வேறு ஆள். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விருந்தாளி பேசினால் பொறுப்பு வீட்டுக்காரருக்குத்தானே என்பது ஊர் நியாயம். இந்த ஒரு விஷயத்தில் ஊர் நியாயம் சரி என்றே தோன்றுகிறது.

ஏப்ரல் 14 அன்று லக்னோவில் அஸ்வினை உட்கார வைத்தார்கள். சென்னை ஜெயித்தது. ‘பார்த்தியா, அவர் இல்லன்னா ஜெயிக்கிறோம்’ என்பது உடனே கல்வெட்டு ஆகிவிட்டது. அடுத்து மும்பையில் அவர் திரும்பி வந்து 4 ஓவரில் 25 ரன் மட்டும் கொடுத்தார். அன்று சென்னை தோற்றது. அதன் பிறகு அவர் இல்லாமலே சேப்பாக்கத்தில் ஹைதராபாத்திடமும் தோற்றது. கல்வெட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. 14 ஆட்டத்தில் 4 வெற்றி. சி.எஸ்.கே வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம்.

உண்மையில் என்ன ஆயிற்று அவருக்கு? வயது 38. அது ஒரு பக்கம். பவர்பிளேயில் அவர் கையில் பந்து வந்தது. முதல் 6 ஓவரில் வெளிவட்டத்தில் இரண்டே ஃபீல்டர். ஆஃப் ஸ்பின்னரைத் தூக்கி அடிக்க அதைவிட வசதியான நேரம் கிடையாது. 2011-ல் அதே வேலையை அவர் செய்தாரே என்றால், அன்றைய சேப்பாக்கத்தில் பந்து திரும்பியது, நின்று வந்தது. இப்போது சொந்த மைதானத்தின் ஆடுகளத்தையே தங்களால் கணிக்க முடியவில்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் அந்த சீசனில் வெளிப்படையாகப் பேசினார். போதாததற்கு 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி. ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக இருப்பதால், முதல் பந்திலிருந்தே அடிக்கலாம், அவுட் ஆனால் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அஸ்வினின் பலம் பேட்ஸ்மேனை யோசிக்க வைப்பது. யோசிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தவரை என்ன செய்வது?

அவரும் இதை மறைக்கவில்லை. சீசன் முடிந்த சமயத்தில் ஒரு நேரலையில், உங்களை மிகவும் பிடிக்கும், ஆனால் தயவுசெய்து எங்கள் சி.எஸ்.கே குடும்பத்தை விட்டுப் போய்விடுங்கள் என்கிற பொருளில் ஒரு ரசிகரின் செய்தி வந்தது. அஸ்வின் அதைத் தட்டிவிடவில்லை. அந்த வார்த்தைகளுக்குள் அணி மேல் இருக்கும் பாசம் புரிகிறது என்றார். பவர்பிளேயில் நிறைய ரன் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். தனக்கும் அந்த அக்கறை குறைவில்லை என்றார்.

அந்தச் செய்தியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பிடிக்கும், போய்விடுங்கள். இரண்டும் ஒரே மூச்சில். எதிரணி வீரரிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். சொந்த அண்ணன் தம்பியிடம்தான் இவ்வளவு உரிமையாகக் கோபப்பட முடியும். ஆனால் ‘நல்லா போடுங்க அண்ணே’ என்பது ஒன்று, ‘வீட்டை விட்டுப் போங்க’ என்பது வேறொன்று. முதலாவது விளையாட்டைப் பற்றியது. இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு ஒருவர் மறுநாள் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கோபம் உலகத்துக்கே பொது. அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தால் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகிவிடுவார்கள். எந்த அணியோடும் தாங்களே பேரம் பேசலாம். அப்படி 2006 டிசம்பரில் பாரி ஸிட்டோ என்ற பந்துவீச்சாளர் 7 வருடத்துக்கு 12.6 கோடி டாலர் பேசி சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் அணிக்கு வந்தார். வந்த நாளிலிருந்து சொதப்பல். சொந்த ஊர் ரசிகர்களே ‘ஊ’ என்று கத்தினார்கள். 2010-ல் அணி கோப்பையை வென்றபோது, இறுதிக்கட்டப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ஆனால் ஒப்பந்தம் 7 வருடம். அனுப்பவும் முடியாது, ஒளியவும் முடியாது. 2012 அக்டோபரில், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. அன்று அவருக்காக ட்விட்டரில் ஹேஷ்டேக் ஓட்டியவர்கள், ஐந்து வருடமாகத் திட்டிய அதே ரசிகர்கள். அந்த ஆண்டும் கோப்பை அவர்களுக்குத்தான்.

ஸிட்டோவுக்கு 7 வருடம் கிடைத்தது. அஸ்வினுக்கு ஒரு கோடைக்காலம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு தொடங்கும் மாவட்டம் இது. வாடிவாசலில் அவிழ்த்த மாடு ஒரு தடவை பிடிபட்டால் மைக்கில் அதைச் சொல்லிவிடுவார்கள், ஊரே கேட்கும். பிடிபட்ட மாட்டை அந்த வாரமே சந்தைக்கு ஓட்டிப்போகிறவரும் உண்டு. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குக் கூட்டிவந்து, மறுபடி மண் குத்தவிட்டு, நீச்சல் அடிக்கவிட்டு அடுத்த தைக்குத் தயார் செய்கிறவரும் உண்டு. இரண்டாவது ரகம்தான் இந்தப் பக்கம் அதிகம். அதே கைகள் போனைப் பிடித்ததும் ஏன் முதல் ரகம் ஆகிவிடுகின்றன? ஏலம்தான் காரணம். ஒவ்வொரு வருடமும் தக்கவைப்பதா, விடுவிப்பதா என்று அணிகள் பட்டியல் போடுகின்றன. ரசிகரும் கூடவே பட்டியல் போடப் பழகிவிட்டார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஜூன், ஜூலையில் டி.என்.பி.எல் தொடரில் நடுவரிடம் கோபப்பட்டு அஸ்வின் அபராதம் கட்டினார். அதே தொடரில் திண்டுக்கல் அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோய் திருப்பூரிடம் தோற்றார். ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி அன்று ஐ.பி.எல்லிலிருந்து ஓய்வு அறிவித்தார். 221 ஆட்டம், 187 விக்கெட். அக்டோபரில் அமீரகத்தின் ஐ.எல்.டி20 ஏலத்தில் 1,20,000 டாலர் அடிப்படை விலையில் நின்றார். யாரும் கை தூக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் தொடருக்கு சிட்னி தண்டர் அணி எடுத்திருந்தது. முழங்கால் காயம், அதுவும் போயிற்று.

ஓய்வு அறிவித்த அன்று அதே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் கெயில் அவுட்டான பழைய வீடியோ ஓடியது. 1.39 கோடிக் கணக்கை யாரும் போடவில்லை.

ஆனால் கால்குலேட்டர் வேறு ஆளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மதீஷா பதிரானா. 2023-ல் 19 விக்கெட் எடுத்துக் கோப்பைக்குக் கைகொடுத்த இலங்கைப் பையன். 13 கோடிக்குத் தக்கவைத்தார்கள். 2025-ல் 13 விக்கெட் எடுத்தாலும் ஓவருக்கு 10 ரன்னுக்கு மேல் கொடுத்தார். ‘ஒரு விக்கெட்டுக்கு ஒரு கோடி, வகுக்கவே வேண்டாம்’ என்று கிண்டல். நவம்பரில் சி.எஸ்.கே அவரை விடுவித்தது. அதே சமயத்தில் ஜடேஜாவும் ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் மஞ்சளுக்கு வந்தார்.

டிசம்பர் 16, அபுதாபி ஏலம். பதிரானா பெயர் வந்ததும் கை மேல் கை ஏறியது. 18 கோடிக்கு கொல்கத்தா வாங்கியது. யாரை விடுங்கள் விடுங்கள் என்று கேட்டார்களோ, அவர் 5 கோடி அதிக விலைக்குப் போய்விட்டார். அன்று இரவே டீக்கடைகளில் புதுப் பேச்சு: ‘அவனை விட்டிருக்கவே கூடாதுப்பா...’