காதில் வந்த அக்கி, முகத்தைக் கோணலாக்கும்!

காலையில் வாய் கொப்பளிக்கிறார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் கோணி இருக்கிறது. ஒரு கண்ணை மூட முடியவில்லை. காதில் தாங்க முடியாத வலி. சிறு சிறு கொப்புளங்கள்!

"காற்று பட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "அக்கிதான், காவியால் எழுதினால் போய்விடும்" என்கிறார் மற்றவர். இப்படியே நாலு நாள் ஓடிவிடுகிறது. அந்த நாலு நாள்தான் பெரிய நஷ்டம்!

ஒளிந்திருக்கும் கிருமி

சின்னம்மை இறங்கினாலும் அதன் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பில் ஒளிந்து தூங்குகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு அக்கியாகக் கிளம்புகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய வழியாகச் செல்கிறது. கிருமி அங்கே கிளம்பினால் நரம்பு வீங்கும். முகம் செயல் இழக்கும். இந்த நோயை 1907-ல் ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்தார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது.

காவி தோலுக்குக் குளிர்ச்சி தரலாம். எலும்புக்குள் இருக்கும் நரம்பை அது எட்டுமா?

மூன்றே நாள்!

கிருமியை அடக்கும் மருந்தும், வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் இருக்கின்றன. மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் முகம் பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். வாய் கோணுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே, எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

மூடாத கண் உலர்ந்து புண்ணாகும். பார்வைக்கே ஆபத்து! டாக்டர் சொல்லும் சொட்டு மருந்தை விடவேண்டும். இரவில் கண்ணை மூடிவைக்கும் முறையையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிரிப்பு திரும்பியது

கனடா நாட்டுப் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 2022 ஜூனில் இந்த நோய் வந்தது. அப்போது அவருக்கு வயது 28. நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்தார். அசையாத பாதி முகத்தை அவர் மறைக்கவில்லை, உலகத்துக்கே காட்டினார். 2023 மார்ச்சில் அதே முகத்தில் முழுச் சிரிப்பைக் காட்டினார்!

எல்லோருக்கும் முழுக்குணம் கிடைப்பதில்லை. சிலருக்குச் சிறிது கோணல் தங்கிவிடும். குணமாக வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை நோயாளிக்குத் தேவை பொறுமை. வீட்டாருக்குத் தேவை நல்ல நாக்கு. "கோணவாய்" என்று கேலி பேசுவதும், கல்யாண வீட்டுக்கு வராதே என்று ஒதுக்குவதும் நோயை விடக் கொடுமை.

மருந்து டாக்டர் கையில். சீக்கிரம் அழைத்துப் போவதும், அன்பாகப் பேசுவதும் குடும்பத்தின் கையில்!