கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம்

2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடந்த இழுவைப் படகு கவிழ்ந்தது. குறைந்தது 6 பேர் இறந்தார்கள். அவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் சனங்களுக்கு மாற்றுவழியாக ஓடிய படகு அது. கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எழுந்தன. அனுமதி கொடுத்தது யார்? எத்தனை பேரை ஏற்றலாம் என்று எந்தக் கடதாசியில் எழுதியிருந்தது? பாதுகாப்பை யார் பரிசோதித்தார்கள்? படகோடு தொடர்புடையவர்கள் கைதானார்கள். நகரசபைத் தலைவரும் கைதானார்.

இதே கேள்விகளைப் படகு கவிழ்வதற்கு முன்னரே கேட்கும் உரிமை அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு இருந்தது. இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்கும் தகவல் ஒரு பிரஜையின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு கடிதம் அந்தப் படகை நிறுத்தியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் தாருங்கள் என்று கேட்டு ஊரவர்களின் கடிதம் மேசைக்கு வந்திருந்தால், ஓர் அலுவலராவது அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டி வந்திருக்கும்.

திருகோணமலைக்கு இந்தச் சட்டம் மற்ற ஊர்களைவிட ஒருபடி கூடுதலாகவே தேவைப்படுகிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதியோடு முடிந்தது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணப் பாடசாலைகள், கிராமத்து வைத்தியசாலைகள், மாகாண வீதிகள் எல்லாவற்றையும் ஆளுநரும் அதிகாரிகளுமே பார்த்துக்கொள்கிறார்கள். சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமலே ஓடின. அந்தக் காலத்தில் எத்தனை வடிகான் வெட்டப்பட்டது, எத்தனை விளக்குக்கம்பம் நட்டதாகக் கணக்கெழுதப்பட்டது என்று கேட்க எந்த உறுப்பினரும் இருக்கவில்லை. பிரஜை நேரடியாகக் கேட்கலாம் என்ற வழி மட்டும் திறந்திருந்தது.

சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றி நாடே பேசும். 2003 உடன்படிக்கை, 2022 உடன்படிக்கை, 99 குதங்களில் யாருக்கு எத்தனை என்ற விபரமெல்லாம் பத்திரிகையில் வரும். ஆனால் ஒரு கிராமத்தின் உள்வீதிக்குக் கொங்கிறீற் போட்ட கணக்கை யாரும் தேடிப் பிரசுரிப்பதில்லை. அதை ஊரவர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வழி சிக்கலானதல்ல. ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதையே நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெறும் கடிதமே போதும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு கட்டங்களை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தத் தகவல் உயிரோடு அல்லது சுதந்திரத்தோடு சம்பந்தப்பட்டதா என்பது. மற்றது, எந்த மொழியில் தகவல் வேண்டும் என்பது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே தமிழில் கேட்டவருக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதை வாங்கி மடித்து வைத்துவிடக் கூடாது.

விண்ணப்பம் கிடைத்து 14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். தகவல் அலுவலர் என்று இங்கே யாரும் இல்லையே என்ற பதிலும் செல்லாது. அப்படி ஒருவர் நியமிக்கப்படும்வரை அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

கேட்கும் விதத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். 'எங்கள் வீதியை ஏன் இன்னும் போடவில்லை' என்று எழுதினால் 'நிதி கிடைத்ததும் போடப்படும்' என்று ஒரு வரியில் பதில் வந்து சேரும். இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டியது ஆவணத்தை. வீதியின் பெயர், வருடம், மதிப்பீட்டின் பிரதி, கேள்விப்பத்திரம் கோரிய அறிவித்தல், ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த கொடுப்பனவுச் சீட்டு, வேலையை அளந்து பதிந்த பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மழுப்ப இடமிருக்காது. மூன்று அங்குலம் என்று மதிப்பீட்டில் இருக்கும் கொங்கிறீற்றை ஊரவர்களே ஓர் அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிடலாம்.

பாடசாலைக்கும் இதே கணக்குத்தான். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று கல்வி வலயங்கள் இருக்கின்றன. பட்டணத்துப் பாடசாலைக்கு ஆளணிக்கு மேல் ஆசிரியர்கள் இருக்க, ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளியிலோ கணிதத்துக்கு ஆளில்லை என்ற முறைப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, உண்மையில் கடமையில் இருப்பவர்கள் எத்தனை, பெயருக்கு இங்கே இருந்து வேறிடத்தில் இணைக்கப்பட்டவர்கள் எத்தனை என்ற பட்டியல் வலயக் கல்விப் பணிமனையில் இருக்கிறது. அது இரகசிய ஆவணமல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசுப் புத்தகம், கூட்ட அறிக்கை, முதலாம் தர அனுமதிக்கு வழங்கிய புள்ளிகளின் அடிப்படை ஆகியவையும் கேட்கத்தக்கவையே. பிற பிள்ளைகளின் அந்தரங்க விபரங்களைச் சட்டம் காக்கிறது. அதுவும் சரிதான். பெயரை மறைத்துவிட்டுக் கணக்கைக் காட்டலாம்.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம். 'அதிபரோடு கொழுவினால் பிள்ளையைத்தான் கவனிக்க மாட்டார்கள்' என்ற கவலை ஒரு தாய்க்கு இருப்பது நியாயம். கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் பின்னேரத்துக்குள் தேநீர்க்கடைக்கு வந்துவிடும். இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும், பதிவுசெய்யாத அமைப்பாக இருந்தாலும்கூட, பிரஜையாகவே கொள்ளப்படும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகம் எதுவும் தன் கடிதத்தலைப்பில் கேட்கலாம். தனி ஒரு தாயின் பெயர் எங்கும் வராது. இந்த வழியை நம் சங்கங்கள் போதியளவு பயன்படுத்துவதில்லை.

அதிகாரிகளின் பக்கமும் கேட்கப்பட வேண்டியதுதான். பிரதேச சபையில் ஒரே லிகிதர் வரிப்பணமும் வாங்கி, வருகிறவர்களின் விசாரணைக்கும் பதில் சொல்லி, தகவல் விண்ணப்பத்துக்கும் கோப்புத் தேட வேண்டியிருக்கும். தனிப்பட்ட கோபத்தைத் தீர்க்கக் கடிதம்மேல் கடிதம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சுமையைக் குறைக்க நேர்வழி, கேட்குமுன்னே வெளியிடுவது. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்க, அவசர வேலையல்லாவிட்டால், மூன்று மாதம் முன்னரே, அதற்குப் பொறுப்பான அமைச்சர் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் விபரம் சொல்ல வேண்டும் என்று 9 ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய வேலைகளுக்கே அப்படியென்றால், சின்ன வேலைகளின் கணக்கையும் பிரதேச சபை வாசலில் ஒட்டுவதில் என்ன கஷ்டம்? ஒட்டிவைத்த கணக்கை யாரும் விண்ணப்பம் போட்டுக் கேட்கப்போவதில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்த அலுவலரைத் தண்டிக்க முடியாது என்றும் அதே சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஆகவே பயந்து கோப்பைப் பூட்டத் தேவையில்லை.

கணக்குக் கேட்கும் வழக்கம் படித்தவர்களால் மட்டும் உண்டானதல்ல. இந்தியாவின் ராஜஸ்தானில் 1994 இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கிராமங்களில் பொது விசாரணை நடத்தத் தொடங்கியது. கூலி வேலையின் வரவுப் பதிவேட்டை ஊர் நடுவில் வாசித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்ததை ஊர் மக்களே எழுந்து சொன்னார்கள். 1996 இல் பியாவர் பட்டணத்தில் நாற்பது நாள் மறியல் போராட்டம் நடத்தினார்கள். தமிழ்நாடு 1997 இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2005 இல் இந்திய மத்திய அரசின் சட்டமும் வந்தது. இலங்கையிலும் இந்தச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சொத்து விபரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்களை ஒரு பத்திரிகையாளர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது, 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாராளுமன்றமே பதில் சொல்ல வேண்டியிருந்தால் ஒரு வலயக் கல்விப் பணிமனை விதிவிலக்காக முடியாது.

2025 இல் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களிடமும் தவிசாளர்களிடமும் கேட்பது இவ்வளவுதான். தகவல் அலுவலரின் பெயர், தொலைபேசி எண், கட்டண விபரம், ஆணைக்குழுவின் முகவரி ஆகியவற்றைக் கந்தோர் முகப்பில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது 26 ஆம் பிரிவின் கட்டளை. அதைத் தமிழில் வையுங்கள். ஒவ்வொரு பாடசாலையும் அபிவிருத்திச் சங்கக் கணக்கைத் தவணைக்கு ஒருமுறை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். ஆணைக்குழு கொழும்பில் இருந்தால் போதாது, திருகோணமலையிலும் வழமையாக அமர்வு நடத்தட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆவணத்தைத் தெரிவுசெய்யுங்கள். பிள்ளைகள் போகும் வீதியின் மதிப்பீடாக இருக்கலாம், பாடசாலையின் ஆசிரியர் ஆளணிப் பட்டியலாக இருக்கலாம். தமிழில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, 14 வேலைநாட்களை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.