கரி அள்ளிய சவள்

ரொறன்ரோ நகரில் வாழும் எமது மருமகன், கோயில் திருவிழாவை முன்னிட்டுச் சென்ற மாதம் குடும்பத்துடன் ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தார். வந்தவர் எமக்கென ஒரு பொழுதுபோக்கையும் கணினியில் அடைத்துக் கொண்டு வந்திருந்தார். பழுதடைந்து கிடந்த நீராவி வண்டிகளைத் திருத்தி மீண்டும் ஓடவைக்கும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் அது. “மாமா, உங்களுக்கு இது பிடிக்கும்” என்றார். எமக்குப் பிடித்தது உண்மையே. ஆயினும் அதனை எம்மினும் உன்னிப்பாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் எமது பெரியம்மாவே அவர்.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. திரையில் ஓர் இயந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை திரண்டெழுந்தபோது, மற்றவர்கள் “ஆகா!” என்றார்கள். பெரியம்மா முகத்தைச் சுளித்தார். “உது பிழை. கரியைக் குவிச்சுப் போட்டான். உங்கடை பெரியப்பா உப்பிடிப் புகைக்க விடமாட்டார்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் கரியன்றி வேறில்லை. நெருப்பிடுபவன் சவளில் சிறிது சிறிதாகக் கரியை அள்ளி, அடுப்பின் மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் மெல்லிய படையாகத் தூவ வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் காற்றோட்டம் தடைப்படும், தணல் மங்கும், ஆவியின் அழுத்தம் இறங்கும். ஓடுகின்ற இயந்திரத்தின் ஆட்டத்தில் நின்றுகொண்டு, கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்திலே, குறி தவறாமல் இதனைச் செய்தல் வேண்டும். காலஞ்சென்ற எமது பெரியப்பா அநுராதபுரத்துப் புகையிரதக் கொட்டகையைச் சேர்ந்த நெருப்பிடுபவராக இருந்து இதனைச் செய்தவர். பெரியம்மா அங்கே புகையிரதக் குடியிருப்பில் குடித்தனம் நடத்தியவர். கரி படிந்த உடைகளைத் தோய்த்துத் தோய்த்தே அந்த வித்தையின் பாதியை அவர் கற்றுக்கொண்டார் போலும்.

தீவகத்துக்கு என்றுமே புகையிரதப் பாதை வந்ததில்லை. எமது சிறுவர்கள் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றபோதே ‘கோச்சி’யைக் கண்டார்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் அது தெற்கேயிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. அதன் பின்பு யாழ்ப்பாணத்தவர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இலங்கைப் புகையிரதத்திலும், கடல் கடந்து மலாயாப் புகையிரதத்திலும் சேர்ந்தனர். மலாயாப் பென்சனில் எழுந்த கல்வீடுகளைப் பற்றி எம்மவர் நிறையப் பேசுவர். அடுப்படியில் நின்று கரி தள்ளியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மேசையில் இருந்து செய்யும் உத்தியோகத்துக்கு எம்மிடையே இருந்த மதிப்பு அத்தகையது!

தொடருக்கு வருவோம். அதிலே எம் மனத்தைக் கவர்ந்தவர் இங்கிலாந்தின் போல்ற்றன் நகரத்தவரான பிறெட் டிப்னா. உயரமான ஆலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். 1979இல் பி.பி.சி. நிறுவனம் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்ததன் பின்னரே உலகம் அவரை அறிந்தது. ஏவ்லிங் அன்ட் போர்ட்டர் கம்பெனி 1910இல் செய்த நீராவி வீதி உருளை ஒன்றை அவர் திருத்தி எடுத்தார். அதற்கு முதலில் மனைவியின் பெயரைச் சூட்டினார். மனைவி பிரிந்து சென்ற பின்னர் அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தாயாரின் பெயரை எழுதினார். இயந்திரத்தின் மீது கணவன் காட்டும் காதலை எந்த மனைவிதான் நெடுங்காலம் பொறுப்பாள்? (பெரியம்மா பொறுத்தார். ஆனால் பெரியப்பா இயந்திரத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.)

டிப்னா தம் வீட்டு முற்றத்துப் பட்டறையிலே நீராவி இழுவை இயந்திரம் ஒன்றையும் திருத்தினார். அவ்வேலை முடிய 27 ஆண்டுகள் சென்றன. 2004இல், நோயுற்றிருந்த நிலையிலும், அதனை ஓட்டிக்கொண்டு பிரித்தானியாவின் பழைய பட்டறைகளுக்கெல்லாம் சென்றார். உருக்கு வார்ப்பவர்களையும், தகடு வளைப்பவர்களையும், தறைபவர்களையும் அவரவர் வேலைத்தலத்திலேயே கண்டு உரையாடினார். அந்தப் பயணமே 12 பகுதிகளைக் கொண்ட தொடராக 2005இல் ஒளிபரப்பாயிற்று. அதனைப் பார்க்க அவர் இருக்கவில்லை; 2004 நவம்பர் 6ஆம் நாள் காலமானார். அவர் திருத்திய இயந்திரமே அவருடைய பேழையைப் போல்ற்றன் வீதிகளில் இழுத்துச் சென்றது.

இத்தகைய தொடர்களில் எமக்கு ஒரு குறையும் உண்டு. துருப்பிடித்த இரும்புக் குவியல் ஒரு மணி நேரத்துக்குள் பளபளக்கும் வண்டியாகி விடுகிறது. திரையில் காட்டப்படாத வேலையே பெரிய வேலை. நீர் ஆவியாகும்போது, சாதாரண அழுத்தத்தில், ஏறத்தாழ 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அந்த விரிவை ஓர் இரும்புக் கூட்டினுள் அடக்கி வைப்பதே கொதிகலனின் தொழில். கூடு நலிந்திருந்தால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகையால் முதலிலே கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தைப் பம்பினால் கொடுத்துச் சோதிப்பார்கள். நீர் அமுங்காத பொருளாதலின், பலவீனமான இடம் இருந்தால் கசியுமேயன்றி வெடித்துச் சிதறாது. அதன் பின்பும் உடனே நெருப்பை மூட்டிவிட முடியாது. தகடுகள் ஒரே சீராகச் சூடேற வேண்டும்; பல மணி நேரம் மெல்ல மெல்லவே எரிக்க வேண்டும். “கோச்சி விடியப் புறப்படுமெண்டால், கொட்டிலிலை நடுச்சாமத்திலை நெருப்பு எரியும்” என்று பெரியம்மா சொன்னது இதனையே.

எமது பெண்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய இன்னொரு தொல்லையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவதை யார் அறியார்? கொதிகலனின் குழாய்களிலும் அதே படை கட்டும். கேத்தலில் கட்டினால் தேநீர் சற்றுத் தாமதமாகும். கொதிகலனில் கட்டினால் நெருப்பின் சூடு நீருக்குச் செல்லாமல் இரும்பிலேயே தங்கி, அந்த இரும்பு இளகும். எனவே குறித்த காலத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை ஆறவிட்டு, அடைப்புகளைக் கழற்றி, உள்ளே கழுவியாக வேண்டும். அடுப்பின் கூரையிலே ஈயத்தினால் ஆன ஒரு முளையும் உண்டு. நீர் மட்டம் அபாயமாகக் குறைந்தால் அம்முளை உருகி, ஆவி நெருப்பின் மீது பாய்ந்து எச்சரிக்கும். முளை உருகுவது நெருப்பிடுபவனுக்கு ஆயுட்கால அவமானம். “என்ரை காலத்திலை ஒருநாளும் உருகினதில்லை” என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

எமது நாட்டிலும் ஒருமுறை கமெராவுக்காக நீராவி இயந்திரம் ஒன்று ஓடிற்று; அது திருத்துவதற்காகவன்று, தகர்ப்பதற்காக. 1957இல் கித்துள்கலையில் ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்துக்கென மெய்யான பாலத்தைக் கட்டி, மெய்யான புகைவண்டியை அதன்மேல் ஓடவிட்டு, இரண்டையும் வெடிவைத்து வீழ்த்தினார்கள். அக்காலத்திலேயே டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. 1956 ஏப்ரல் 23ஆம் நாள் தொடங்கிய யாழ்தேவியின் விரைவைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். நீராவியின் காலம் முடிகிறது என்று எண்ணி எவரும் வருந்தவில்லை. 1969இல் வழமையான சேவையிலிருந்து நீராவி இயந்திரங்கள் விலகின. பெரியப்பா டீசலில் உதவியாளராகிச் சவளுடன் வீடு வந்தார்.

பின்னர், 1986இல், பழைய நீராவி இயந்திரங்களைத் திருத்தி, உல்லாசப் பயணிகளுக்கென ‘வைஸ்ரோய்’ வண்டியை ஓடவிட்டார்கள். 2014 டிசம்பர் 27ஆம் நாள், இலங்கையில் முதற் புகைவண்டி ஓடி 150 ஆண்டுகள் நிறைந்த அன்று, கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் நிற்கும் இயந்திரத்துக்கு வர்ணம் பூசுதல் வேறு; நெருப்பேற்றி ஓட்டுதல் வேறு. ஓடாத இயந்திரத்துக்குக் காவலாளி போதும். ஓடும் இயந்திரத்துக்கோ, தலைமுறைக்குத் தலைமுறை கைபழகிய மனிதர் வேண்டும்.

தமிழ்நாட்டிலே இதனை உணர்ந்து செய்திருக்கிறார்கள். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்ற ‘பெயறி குயீன்’ என்னும் இயந்திரம், சென்னை பெரம்பூர்ப் பட்டறையில் திருத்தப்பெற்று 1997இல் மீண்டும் ஓடிற்று. திருச்சி பொன்மலைப் பட்டறையினரோ பழையதைத் திருத்துவதோடு அமையவில்லை. நீலகிரி மலைப்பாதைக்கெனப் புதிய நீராவி இயந்திரங்களையே 2011 முதல் செய்து கொடுத்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் இயந்திரத்தையும் செய்து வெளியிட்டார்கள். எம்மவர் தலைமன்னாரில் நீராவிக் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் கரிவண்டியில் திருச்சி சென்ற காலம் 1964 டிசம்பர்ப் புயலோடு கடலுள் அமிழ்ந்தது. அதே திருச்சியில், இந்த நூற்றாண்டில் பிறந்த இயந்திரம் ஒன்று கரி தின்று மலையேறக் கற்றது என்பது எமக்குப் பெருவியப்பாக இருந்தது.

எமது பகுதியிலோ திருத்துவதற்கு இரும்பே மிஞ்சவில்லை. 1990இல் வடபகுதிச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது, இருபத்துநான்கு வயது வரை கோச்சியையே காணாத பிள்ளைகள் மேடையில் நின்றார்கள். தீவகமும் அதே 1990இல் இடம்பெயர்ந்தது. நாம் பல ஆண்டுகளின் பின் திரும்பியபோது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, கூரையில்லை. கிணற்றை இறைத்தபோது சேற்றினுள் பெரியப்பாவின் சவள் கிடந்தது. புறப்படும் அவசரத்தில் அதனைக் கிணற்றில் போட்டவர் பெரியம்மாவே. நகையை மடியில் கட்டிக்கொண்டு, சவளைக் கிணற்றில் இட்டாராம்.

அகன்ற வாயும் குறுகிய பிடியும் கொண்ட அந்தச் சவள் இன்று எமது குசினியில் சாம்பல் அள்ளுகிறது. தொடரைப் பார்த்து முடித்த மறுநாள், மருமகன் அதனைத் துடைத்து மெருகேற்றி, ரொறன்ரோ வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குக் கேட்டார். “சாம்பலை நான் கையாலையோ அள்ளுறது?” என்று பெரியம்மா மறுத்துவிட்டார். பேச்சு அத்துடன் நின்றது.

பிற்பகலில் முற்றத்திலே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம். மருமகனின் பத்து வயது மகன் சவளும் கையுமாக நிற்கிறான். பெரியம்மா கதிரையில் அமர்ந்து, ஈர்க்கினால் மணலில் ஒரு நீள்சதுரம் கீறியிருக்கிறார். அதன் முன்னே, அடுப்பின் வாயாக, அடியில்லாத வாளி ஒன்று படுத்துக் கிடக்கிறது. பையன் மணலை அள்ளி வாளியினூடே வீசுகிறான். மணல் முழுதும் வாயிலிலேயே குவிகிறது.

“குவிக்காதை ராசா. மணிக்கட்டைத் திருப்பு. முதல் அந்த மூலைக்குப் போடு.”

“எந்த மூலை, பூட்டி?”

அவர் ஈர்க்கினால் காட்டினார். அவன் மீண்டும் அள்ளினான்.