சம்பளப் பட்டியல், பான் நம்பர்... லேப்டாப்பில் இருக்கும் ஃபைலைப் பூட்டுவது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. ஊழியர்களின் பெயர், பான், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் அடங்கிய எக்செல் ஃபைல் பூந்தமல்லி ஆடிட்டருக்குப் போக வேண்டும். மெயிலில் அப்படியே போகிறது. அதன் காப்பி ஹெச்.ஆர். லேப்டாப்பிலும் கிடக்கிறது. அந்த லேப்டாப் தினமும் ஆவடி லோக்கலில் போய்வருகிறது. ஒருநாள் பை தொலைந்தால்?

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் காக்க நிறுவனம் செய்ய வேண்டியவற்றில் என்கிரிப்ஷனும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. இந்தக் கடமைகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும். போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

என்ன டூல் வேண்டும்?

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1990-களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் 'ஜிபிஜி' இலவசம். உபுண்டுவில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி டைப் செய்தால் போதும். அந்த வேலையைச் செய்வதுதான் பேக்கேஜ் மேனேஜர். உபுண்டுவில் அதன் பெயர் 'ஆப்ட்', மேக்கில் பலரும் பயன்படுத்துவது 'ஹோம்ப்ரூ', விண்டோஸ் 11-ல் 'விங்கெட்'. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸுடன் வந்த 'பாஸ் லினக்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கிய அதிலும் இதே ஆப்ட்தான்.

கூகுளில் தேடி டவுன்லோடு செய்தால் என்ன?

அசல் போலவே தோன்றும் போலித் தளத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பூட்டு வாங்கப் போய், திருடனிடமே சாவி செய்யக் கொடுத்த கதையாகிவிடும். ஆப்ட் அப்படி விடாது. பேக்கேஜ் பட்டியலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். இறங்கிய ஃபைல் அந்தப் பட்டியலோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கும். வழியில் யாராவது கை வைத்திருந்தால் இன்ஸ்டால் ஆகாது. ஆனால், ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த கமாண்டை அப்படியே ஒட்டினால் இந்தக் காவல் எதுவும் உதவாது.

அப்போ பேக்கேஜ் மேனேஜரை முழுசா நம்பலாமா?

அப்படியும் இல்லை. 'எக்ஸ்இசட்' என்ற கம்ப்ரஷன் டூலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பராமரிப்பாளராக இருந்த ஒருவரே ரகசியப் பின்வாசல் வைத்தது 2024 மார்ச் 29 அன்று வெளியானது. லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற இன்ஜினீயர்தான் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் அது சில லினக்ஸ்களின் சோதனைப் பதிப்புகளுக்குள் நுழைந்துவிட்டது. டெபியனின் நிலையான பதிப்பு தப்பியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிலையான பதிப்பையே வைத்து, அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

இன்ஸ்டால் பண்ணியாச்சு, அவ்வளவுதானா?

தவறுகள் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் நடக்கின்றன.

* ஜிபிஜி பூட்டிய காப்பி ஒன்றைப் புதிதாக உருவாக்கும். பழைய ஃபைல் பூட்டாமல் அங்கேயே இருக்கும். அதை நாம்தான் நீக்க வேண்டும்.

* நீக்கிய ஃபைலையும் சில நேரம் மீட்டெடுக்க முடியும். எனவே, வெளியே எடுத்துச் செல்லும் லேப்டாப்பில் பிட்லாக்கர் அல்லது ஃபைல்வால்ட் போட்டு டிஸ்க் முழுவதையும் பூட்டுவது அவசியம்.

* ஃபைலும் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் போகக் கூடாது. பாஸ்வேர்டைப் போனில் சொல்லலாம்.

* 'ஃபர்காட் பாஸ்வேர்டு' பட்டன் இங்கே கிடையாது. மறந்தால் ஃபைல் போனதுதான். பாஸ்வேர்டு மேனேஜரில் சேமிப்பது நல்லது.

* ஆடிட்டரிடமும் ஜிபிஜி இருக்க வேண்டும். டெர்மினல் பழக்கமில்லாதவர் விண்டோஸில் 'கிளியோபாட்ரா' மூலம் மவுஸ் கிளிக்கிலேயே திறக்கலாம்.

இன்ஸ்டால் செய்ய சில நிமிடம் போதும். பூட்டி அனுப்புவதை மாதாமாதம் பழக்கமாக்குவதுதான் கஷ்டம். ஆனால் அந்த எக்செல்லில் இருப்பது நிறுவனத்தின் கணக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் பான் நம்பரும் வங்கிக் கணக்கும்கூட.