விண்கலம் இல்லாதவர்களின் கதை

போரால் சிதைந்து அழிவை எதிர்நோக்கும் வேற்றுக்கிரகம்; அங்கே சாகசம் புரியும் ஒரு வீரன்; கடைசி நொடியில் மேலெழும் விண்கலம். இந்த அச்சில் வார்த்த விஞ்ஞானப் புனைகதைகளை நம்மவர்கள் இன்னும் எத்தனை காலம் தழுவி எழுதிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

1938இல் அறிமுகமான சூப்பர்மேன் கதையையே எடுத்துக்கொள்வோம். கிரிப்டன் கிரகம் வெடித்துச் சிதறுகிறது. தப்பிய குழந்தையோடு கதையும் பூமிக்கு வந்துவிடுகிறது. தப்ப முடியாமற்போனவர்கள் வெறும் முன்கதைச் சுருக்கம்.

மடவளையில் இருந்து எழுதும் எனக்கு இது உறுத்துகிறது. 2018 மார்ச்சில், எங்களூரிலிருந்து அதிக தூரமில்லாத திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. 6ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனமானது. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. எவரையும் ஏற்றிச்செல்ல விண்கலம் வரவில்லை. கடையை இழந்தவரும் அதை எரித்தவரின் அயலவரும் மறுவாரமும் அதே தெருவில் முகம்பார்க்க வேண்டியிருந்தது.

"அப்படியானால் நடந்ததையே எழுதலாமே, வேற்றுக்கிரகம் எதற்கு?" என்று கேட்போரோடும் நான் உடன்படவில்லை. செவ்வாய்வாசிகள் இங்கிலாந்தைத் தாக்கும் தமது நாவலை 1898இல் நூலாக வெளியிட்ட எச்.ஜி. வெல்ஸ், ஐரோப்பியக் குடியேறிகள் தஸ்மேனிய மக்களை அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டினார். ஆங்கிலேய வாசகனை அந்தத் தஸ்மேனியரின் இடத்தில் நிறுத்த அவருக்குச் செவ்வாய் தேவைப்பட்டது.

நமக்கும் தேவைப்படுகிறது. 1983 ஜூலையைத் தமிழர் பேசினால் சிங்களவர் எதிர்க்கணக்குக் காட்டுகிறார். 1990 ஒக்டோபரில் இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை நாங்கள் பேசினால் தமிழர் கணக்குக் காட்டுகிறார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைப் பிறர் பேசும்போது எங்களில் பலரும் அதையே செய்கிறோம். இனத்தின் பெயர் காதில் விழுந்ததும் மனம் சாத்திக்கொள்கிறது. பெயரறியாத கிரகமொன்றில், இரண்டு மணிநேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறக் கட்டளை பெற்ற ஒரு தாயை எழுதிப் பாருங்கள். அவள் யாருடைய ஆள் என்று கேட்குமுன்னரே வாசகன் அவளோடு நடக்கத் தொடங்கியிருப்பான்.

1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சீ. கிளார்க், 1979இல் வெளிவந்த நாவலொன்றில் இத்தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, இங்கிருந்து விண்ணுக்கொரு மின்தூக்கியே அமைத்தார். வெளியிலிருந்து வந்தவர் நம் மண்ணிலிருந்து வானத்தைக் கண்டார். அந்த மண்ணில் எரிந்தவற்றை எழுத வேண்டியவர்கள் நாம்.

எழுத்தாள நண்பர்களே, விண்கலம் புறப்பட்டுப் போகட்டும். அதன்பின் அக்கிரகத்தில் எஞ்சியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எழுதுங்கள்.